சிஸ்டர் நடிக்கவில்லை

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டு, அதில் உட்காருவார் சிஸ்டர். காலை வகுப்பின் முதல் ஓசை அதுதான். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிடும்; பல் கூசிப் போய் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். "சிஸ்டர், வட்டத்துக்குள்ள வந்துடலாமே. இங்க எல்லாரும் சமம்" என்பார் பயிற்சியாளர். "சமமாவே இருங்க சார். எனக்கு முதுகுக்குப் பின்னாடி ஆள் இருக்கக் கூடாது" என்பார் சிஸ்டர். அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகவே காலம் தள்ளியவர். கதவைப் பார்த்தபடிதான் அவருக்கு உட்காரத் தெரியும்.

வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கான இரண்டு வாரப் பயிற்சி அது. படிப்பு, படுக்கை, சாப்பாடு எல்லாம் ஒரே கட்டடத்தில். முன்பு ஏதோ வங்கி தன் ஊழியர்களுக்காகக் கட்டிய விடுதியாம். ஜன்னல்களில் பாதிக்குக் கொக்கி கிடையாது. குழாயைத் திறந்தால் முதலில் இருமும், பிறகுதான் தண்ணீர் விடும். ஆசிரியர்கள், கிணறு தோண்டத் தெரிந்தவர்கள், கணக்கு பார்ப்பவர்கள் என்று இருபது பேருக்குக் கொஞ்சம் மேல் வந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் சிஸ்டரின் வயதில் பாதி. அவருக்கு ஒதுக்கியிருந்தது எல்லைப்புறத்தில் ஒரு மருத்துவமனை. சண்டை ஓய்ந்தது என்று சொல்ல முடியாத நாடு. இரண்டு வருடம் அங்கே இருக்க வேண்டும். பயிற்சியில் தேறினால்தான் விமானம். தேறாவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றவர்களுக்கு. சிஸ்டருக்கு அடுத்த முறைக்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆள் சிறுகூடு. ஒரு கையால் தூக்கிவிடலாம் போலிருப்பார். குரல் மட்டும் வேறு யாரோ பெரிய உடம்புக்காரரிடம் கடன் வாங்கியது. 'மூக்கு நுனியில் கோபம்' என்பார்களே, சிஸ்டருக்கு அது பொருந்தாது. நுனிவரை வந்து சேரக் கோபத்துக்குக் கொஞ்ச நேரமாவது பிடிக்க வேண்டும், அந்த அவகாசமெல்லாம் அவரிடம் கிடையாது. காலையில் குழாயோடு ஆரம்பிக்கும். அப்புறம் ஆறிப்போன டீ. அப்புறம் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் சல்லியாகவும் வெட்டிய ரொட்டி. "கத்தி புடிச்சவனுக்குக் கண்ணு இருக்கா இல்லியா?" என்று சமையலறை ஜன்னல் வழியாகவே கேட்டுவிடுவார். உள்ளே சமையற்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

மருத்துவமனையில் அந்தக் கோபத்துக்கு மதிப்பு இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் மேலே வரவில்லையா, லிஃப்ட் ஆபரேட்டர் காணாமல் போய்விட்டாரா, ரத்தம் கேட்டு அனுப்பியும் பதில் இல்லையா, டாக்டர்களே வந்து, "சிஸ்டர், நீங்க ஒரு குரல் குடுங்களேன்" என்பார்கள். சிஸ்டர் மாடிப்படி முனையில் நின்று ஒரு குரல் கொடுப்பார். சிலிண்டர் உருண்டு வரும். பெரிய டாக்டர் கையெழுத்துக்கு நகராத வேலை அந்தக் குரலுக்கு நகரும். கத்தினால் காரியம் நடக்கும் என்பது முப்பது வருடம் அவர் கண்ணால் பார்த்தது. அதில் யார் வந்து என்ன புத்தி சொல்லி என்ன?

அறையில் அவரோடு தங்கியது கணக்குப் பெண். எங்கோ ஒரு பள்ளிக்கூடத் திட்டத்துக்கு வரவு செலவு பார்க்கப் போகிறவள். வந்த அன்றைக்கே அவள் விரித்த படுக்கையைச் சிஸ்டர் உதறிப் போட்டுத் திரும்ப விரித்தார். "இது படுக்கையா, பழைய துணி மூட்டையா?" அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மேஜையில் ஒரு நீல இன்ஹேலர் இருந்தது. ஆஸ்துமா. "எப்படி இழுக்கற, காட்டு." அவள் இழுத்துக் காட்டினாள். "குலுக்காம இழுக்கறியே, மருந்து தொண்டையிலயே நிக்கும். யாருடி உனக்குச் சொல்லிக்குடுத்தது?" குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து, மெல்ல இழுத்து, கொஞ்சம் நிறுத்தி... சரியாக வரும்வரை விடவில்லை. மறுநாளிலிருந்து அவள் படுக்கையைச் சிஸ்டரே விரித்தார், திட்டிக்கொண்டே.

பயிற்சியாளருக்குச் சிஸ்டர் வைத்த பெயர் பஞ்சு. அவர் பேச்சு அப்படி. யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். எதைச் சொன்னாலும், "நீங்க சொல்றது எனக்குக் கேக்குது" என்று ஆரம்பிப்பார். "காது இருந்தா கேக்கத்தானே செய்யும்" என்று சுவரோரத்திலிருந்து முணுமுணுப்பு வரும். வகுப்பில் ஒரு ரப்பர் பந்து சுற்றும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மனதிலிருப்பதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் கேள்வி, நீங்கள் ஏன் வெளிநாடு போய்ச் சேவை செய்ய விரும்புகிறீர்கள் என்பது. ஒருவர் உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர் எல்லா மனிதரும் ஒரே குடும்பம் என்றார். பந்து சிஸ்டரிடம் வந்தது.

"எனக்கு வீட்ட விட்டுப் போகணும் சார். அவ்வளவுதான்."

"ரொம்ப நேர்மையான பதில் சிஸ்டர்" என்றார் பஞ்சு. "பாராட்டு கேக்கல. கேட்டீங்க, சொன்னேன்" என்று பந்தை அடுத்தவர் மடியில் எறிந்தார். கொஞ்சம் வேகமாகவே எறிந்தார்.

வீடு என்றால் தம்பி வீடு. அப்பா போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைப் படிக்க வைத்ததும், அம்மாவைக் கடைசிவரை தூக்கிச் சுமந்ததும், அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் சிஸ்டரின் சம்பளம். தனக்கு ஒரு வாழ்க்கை என்ற பேச்சு வந்தபோதெல்லாம் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிக்கொண்டிருந்தது. தம்பியின் மூத்த பிள்ளையை, இரவு வேலை முடித்து வந்து பகலில் வளர்த்ததும் இவர்தான். போன வருடம் முதுகுவலி தாங்காமல் விருப்ப ஓய்வு வாங்கினார். கடைசி நாள் வேலை முடிந்து, கொடுத்த பரிசுப்பொருள்களைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தன் அறையைத் திறந்தால், கட்டிலை ஜன்னல் பக்கமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரத்தொட்டில். பழைய தொட்டிலுக்குப் புது வர்ணம் வேறு. தம்பி மனைவிக்கு இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. வேலையை விட அவளுக்கு மனமில்லை. "நீதான் இனிமே சும்மாதானே இருப்பக்கா" என்றான் தம்பி, சிரித்த முகமாக.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த அக்காவின் அறைக்குள் நுழைந்து, அவள் கட்டிலை நகர்த்தி, அவளுடைய மீதி ஆயுளுக்கும் வேலை போட்டு வைத்துவிட்டு, வர்ணம் காய்கிறவரைக்கும் கூட அது அவர்களுக்குத் தப்பாகத் தோன்றவில்லை. சிஸ்டர் வீடே அதிரக் கத்தினார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. தம்பி மனைவி அடுப்படியிலிருந்தே, "அக்கா எப்பவும் அப்படித்தான். கத்துவாங்க, அப்புறம் செஞ்சிடுவாங்க" என்றாள். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எரிச்சல். மறுநாள் காலையிலேயே சிஸ்டர் போய் இந்தத் தொண்டு நிறுவனத்தில் பெயர் கொடுத்துவிட்டார்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பயிற்சி நடக்கும்போது தினமும் சாயங்காலம் தம்பி போன் செய்வான். பின்னணியில் குழந்தை அழும். அழ வைத்துவிட்டுத்தான் போன் செய்கிறானோ என்று சிஸ்டருக்குச் சந்தேகம்.

இரண்டாம் வாரத்தில் வழிமறிப்பு ஒத்திகை. போகிற நாட்டில் ஆயுதம் வைத்திருப்பவர்கள் வண்டியை மறித்தால் எப்படி நடந்துகொள்வது என்று பழக்குவது. விதிகளைப் பஞ்சு முந்திய நாளே சொல்லிவிட்டார். முகமூடி ஆட்கள் வேனை மறிப்பார்கள், இறக்குவார்கள், பைகளைப் பிடுங்குவார்கள், தலையில் துணி உறை மாட்டி மண்டியிட வைப்பார்கள். சொன்னதைச் செய்ய வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. யாருக்காவது நிஜமாகவே முடியாமல் போனால், அவரோ பக்கத்திலிருப்பவரோ "பென்சில்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால் ஒத்திகை அங்கேயே நின்றுவிடும். மற்றபடி அழுகை, கெஞ்சல், கூச்சல் எதுவாக இருந்தாலும் அது நடிப்பு என்றே வைத்துக்கொள்ளும்படி முகமூடிக்காரர்களுக்கு உத்தரவு.

"உயிர் போற நேரத்துல பென்சில் எங்கேருந்து சார் ஞாபகம் வரும்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"அதுக்குத்தான் சிஸ்டர் பயிற்சி" என்றார் பஞ்சு.

விடுதிக்குப் பின்னால் இடிந்த மதில் ஒன்று இருக்கிறது. வேன் அங்கே திரும்பியதும் கறுப்புக் கம்பளிக் குல்லாயை முகம் வரை இழுத்துவிட்ட மூன்று பேர் குதித்தார்கள். கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள், எல்லோரையும் இறக்கிப் பைகளை ஒரு மூலையில் குவித்தார்கள். தலையில் மாட்டியவை தலையணை உறைகள். விடுதியின் சாமான் அறையில் வருடக்கணக்காகக் கிடந்தவற்றை உதறக்கூட இல்லாமல் எடுத்து வந்திருக்கிறார்கள். தூசியும் பாச்சை உருண்டை நெடியும் மூக்கில் ஏறின. சிஸ்டருக்கு இடப்பக்கம் கணக்குப் பெண் மண்டியிட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து மெல்லிய விசில் சத்தம் வர ஆரம்பித்தது. எத்தனை ஆயிரம் நெஞ்சில் காது வைத்துக் கேட்ட சத்தம் அது!

"ஏய், பக்கத்துல இருக்கற பொண்ணுக்கு இரைக்குது. மொதல்ல அந்த உறையக் கழட்டு."

"வாய மூடு!" என்றது ஒரு முகமூடி.

"ஆஸ்துமாடா அவளுக்கு! அவ பையில மருந்து இருக்கு. அந்தப் பையக் குடு!"

"பை வேணுமா பை?" முகமூடிக்காரர் பைக் குவியலை எட்டி ஒரு உதை விட்டார். பிரமாதமாக நடித்துக்கொண்டிருந்தார் அவர்.

சிஸ்டர் தன் தலையுறையைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து, எம்பி, அவர் கன்னத்தில் ஒன்று விட்டார். தெருவிலே கேட்டாலும் முகம் சுளிக்கிற வசவுகள் சரமாரியாக வந்தன. முகமூடிக்காரர் அசரவில்லை. சிஸ்டரைப் பின்னாலிருந்து தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மதிலோரம் நின்றிருந்த பஞ்சு, கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். கணக்குப் பெண் பக்கவாட்டில் சரிந்தாள். அவள் வாயிலிருந்து பென்சிலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. சொல் வெளியே வரக் காற்று வேண்டுமே! சிஸ்டர் தலையைத் திருப்பி, தன்னைப் பிடித்திருந்த கையைப் பல் பதியக் கடித்தார். பிடி விட்டது. ஓடிப் போய்ப் பையைக் கவிழ்த்து, இன்ஹேலரை எடுத்து, அவள் தலையுறையை உருவி, அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, குலுக்கி வாயில் வைத்தார். "இழு. மெல்ல. இன்னொண்ணு." உதடு நீலம் பாரித்திருந்தது. நீல இன்ஹேலரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பஞ்சுவுக்கு விளங்கியது. "பென்சில்! பென்சில்!" என்று அவரே கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் மறுபடியும் நாற்காலி வட்டம், மறுபடியும் ரப்பர் பந்து. உறைகளை உதறாமல் கொண்டுவந்ததும், விண்ணப்பத்தில் ஆஸ்துமா என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் விட்டதும் தங்கள் தப்பு என்று பஞ்சு ஒப்புக்கொண்டு, கணக்குப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். முகமூடி போட்டவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர், காவலாளி, கையில் கட்டுப் போட்ட சமையற்காரர். பந்து சமையற்காரரிடம் போனது.

"அந்தப் பொண்ணு நல்லா நடிக்குதுன்னு நெனச்சுட்டேன் சார். தப்புதான்" என்றார். அப்புறம் சிஸ்டரைப் பார்த்தார். "சிஸ்டர் அறைஞ்சதும் நடிப்புன்னுதான் நெனச்சேன். அந்தத் திட்டு, அந்தக் கண்ணு... 'அடேயப்பா, சிஸ்டர் கலக்கறாங்க, நாமளும் விடக் கூடாது'ன்னு இன்னும் கெட்டியாப் புடிச்சேன்."

யாரோ இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்கள். பந்து சுவரோரம் சிஸ்டரிடம் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்த கணக்குப் பெண்ணுக்குத்தான் பயமாக இருந்தது.

அதன் பிறகு பஞ்சு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு உயிரக் காப்பாத்தினீங்க. அதுக்கு நன்றி சொல்லிட்டேன், இன்னும் நூறு தடவ சொல்லுவேன். ஆனா உங்கள அனுப்பலாமான்னு எனக்குத் தெரியல சிஸ்டர்."

"ஏன்? நீங்க கொல்லப் பாத்தீங்க, நான் தடுத்தேன். அதுக்கா?"

"அவளுக்குக் குரல் வரல. உங்களுக்குக் குரல் இருந்துச்சு. அவ்வளவு கத்தினீங்க. அதுல அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்ல. சொல்லியிருந்தா அந்த நொடியே நின்னுருக்கும். மருந்து சீக்கிரம் உள்ள போயிருக்கும்." பஞ்சுவின் குரல் அப்போதும் உயரவில்லை. "அங்க துப்பாக்கி நிஜம் சிஸ்டர். நீங்க அறையற ஆளு சமையக்காரரா இருக்க மாட்டான். உங்கள மட்டும் சுட மாட்டான், பக்கத்துல இருக்கறவங்களயும் சேத்துச் சுடுவான்."

சிஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் சொல்வதில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பஞ்சுவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"நாளைக்கு மறுபடியும் வைக்கறேன். அந்தப் பொண்ணும் முழுசா முடிக்கணும்னு பிடிவாதமா இருக்கா, டாக்டர் சரின்னுட்டார். மருந்து இந்தத் தடவ அவ சட்டைப் பையிலயே இருக்கும். எதிர்த்துப் பேசக் கூடாது, தொடக் கூடாது, சொன்னபடி கேக்கணும். ஆபத்துன்னா அந்த வார்த்தை. இதக் காப்பாத்தினீங்கன்னா உங்கள அனுப்பறேன். இல்லன்னா என்னால முடியாது."

அறைக்குத் திரும்பியபோது கணக்குப் பெண் கட்டிலில் சாய்ந்திருந்தாள். குரல் இன்னும் கரகரப்பாக இருந்தது.

"சிஸ்டர், கோச்சுக்காதீங்க. நீங்க ஏன் பென்சில்னு சொல்லல?"

குறை சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிஸ்டர் அவள் போர்வையை இழுத்துச் சரி செய்தார், சரியாக இருந்ததையே.

"வரலடி. கோவந்தான் வந்துச்சு. கோவம் வந்தாப் போதும், எல்லாரும் ஓடி வருவாங்க, எனக்கு அதான் பழக்கம். இங்க ஒருத்தன்கூட நம்பல பாரு. நடிக்கறேனாம்! என் பிராணன் போகுது, நான் நடிக்கறேனாம்!"

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன். நடந்ததைச் சிஸ்டர் பாதிதான் சொன்னார். மீதியை அவனே சிரித்துக்கொண்டு முடித்துவிட்டான்.

"உன் வாய்க்கு அவங்க எங்கக்கா அனுப்பப் போறாங்க? நான் அன்னைக்கே சொன்னேன்ல. பரவால்ல, வந்துடு. அதான் தொட்டில உன் ரூம்லேருந்து இன்னும் எடுக்கவே இல்ல."

"எடுத்துடு" என்றார் சிஸ்டர்.

"சரி சரி, கத்தாத."

அவர் கத்தவே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு நேரே சாமான் அறைக்குப் போய், அந்தத் தலையணை உறைகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு குளியலறைக்கு வந்தார். சமையலறையிலிருந்து சுடுதண்ணீர் வரவழைத்து, வாளியில் சோப்பைக் கரைத்து, ஒவ்வொன்றாகத் துவைத்தார். கல்லில் அடித்த அடியில் கொஞ்சம் பஞ்சுவுக்கு, கொஞ்சம் சமையற்காரருக்கு, பெரும்பாலும் தம்பிக்கு. கொஞ்சம் தனக்கும் இருந்திருக்கும். "நாத்தம் புடிச்சவனுங்க. மனுஷங்க மூஞ்சியில மாட்டற துணியா இது?" சுடுதண்ணீர் கொண்டுவந்த சமையற்காரர் நகராமல் நின்றார். கட்டுப் போட்ட கையைப் பார்த்த சிஸ்டர், "அது நனைஞ்சிருக்கு. கட்ட மாத்தணும்னு தெரியாதா? உக்காரு இங்க" என்று எரிந்து விழுந்து, வாளியோரம் உட்கார வைத்து வேறு கட்டுப் போட்டுவிட்டார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. சமையற்காரரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்கு நீங்கதான் சிஸ்டர் என் பக்கம் வருவீங்க. பயமா இருக்கு" என்றார் அவர்.

"கத்தறதக் குறைக்காத. எனக்காக அங்க எவனும் மெல்லப் பேச மாட்டான்."

மறுநாள் மத்தியானம் வேன் அதே மதிலோரம் திரும்பியது. அதே மூன்று குல்லாய்கள், அதே கூச்சல். சிஸ்டர் இறங்கு என்றதும் இறங்கினார். பையைக் கொடு என்றதும் கொடுத்தார். தலையில் உறை விழுந்தது. வெயிலில் காய்ந்த சோப்பு மணம். மண்டியிடு என்றார்கள், மண்டியிட்டார். கையைப் பின்னால் கட்டு என்றார்கள், கட்டிக்கொண்டார். முழங்காலில் கல் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே சமையற்காரர் அவரை ஏதோ ஒரு பிராணியின் பெயர் சொல்லித் திட்டினார். குரல் லேசாகத் தடுமாறியது. சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. மதிலோரம் பஞ்சு அட்டையும் கையுமாக நிற்பது உறைக்குள்ளிருந்தே அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம். இதைத் தாண்டிவிட்டால் விமானம்.

இடப்பக்கம் கணக்குப் பெண்ணின் மூச்சு வேகமானது.

சிஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டார். விசில் இல்லை. இல்லையா, அல்லது கூச்சலில் கேட்கவில்லையா? பயத்திலும் மூச்சு இப்படித்தான் ஓடும். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த முறை மறக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டால் ஒத்திகை நின்றுவிடும். வெறும் பயமாக இருந்தால், முழுவதும் முடித்தே தீருவேன் என்று வந்த பெண்ணை, பாதியில் எழுப்பிக்கொண்டு போன பாவம் சேரும். சொல்லாமல் விட்டு, அது இரைப்பாக இருந்தால்? குருட்டாம்போக்கில் முடிவு பண்ண அவருக்கு வராது. ஆளைத் தொட்டுப் பார்க்காமல் அவர் எந்த முடிவும் எடுத்ததில்லை.

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பக்கவாட்டில் நீட்டித் துழாவி, அவளுடைய மணிக்கட்டைக் கண்டுபிடித்து, விரலை நாடியில் வைத்தார்.

"கைய எடு!" என்று மேலேயிருந்து கத்தினார் சமையற்காரர்.

விரல் நகரவில்லை.

"ஏய் கெழவி, சொன்னா கேக்கல? கைய எடு!"

"எண்ணிட்டு இருக்கேன்" என்றார் சிஸ்டர் உறைக்குள்ளிருந்து. குரல் உயரவே இல்லை. "பேசாத."

சமையற்காரர் வாயை மூடிக்கொண்டார். குல்லாய் ஓட்டை வழியாகப் பஞ்சுவைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். பஞ்சுவின் பேனா அட்டைக்கு மேலே நின்றது. சிஸ்டரின் உதடுகள் எண்ண எண்ண, அவற்றை ஒட்டியிருந்த துணி மெல்ல உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார்.